முப்பத்தாறு புள்ளி நாலு

ஓஷன் ஸ்பிரிங்ஸில் ஒரு பல் மருத்துவர் வீட்டுச் சமையலறையில் முழங்காலிட்டு டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தேன். மூலைக்கல்லை ரப்பர் சுத்தியலால் தட்டி மட்டம் பார்க்கும்போது போன் அடித்தது. கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன். விமானத் தளத்திலிருந்து. மறுநாள் விடியற்காலையில் கிளம்ப வேண்டும் என்றார்கள். யுகட்டானுக்குக் கிழக்கே இரண்டு நாளாக நகராமல் கிடந்த புயல் ஒரே பகலில் இரண்டு மடங்கு பலமாகிவிட்டதாம். பல் மருத்துவரின் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். புயலைவிட அவளுக்குச் சமையலறைதான் பெரிதாக இருந்தது. அடுப்படி வரைக்குமாவது முடித்துவிட்டுப் போகச் சொன்னாள். விளக்கைப் போட்டுக்கொண்டு முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

என் பெயர் வெர்லன் நெக்கேஸ். தரை போடுவது என் தொழில். ஜூனிலிருந்து நவம்பர் வரை, கூப்பிட்ட நாளெல்லாம், பிலோக்ஸியிலிருந்து புயலுக்குள் பறக்கும் நான்கு எஞ்சின் விமானத்தில் ஐந்து பேரில் ஒருவனாகப் போவேன். ராணுவத்தின் துணைப்படையில் இருபத்தோரு வருஷம். விமானத்தில் என் வேலை எளிமையானது. முழங்கையளவு நீளமுள்ள அட்டைக் குழல் ஒன்று. அதற்குள் ஒரு பாட்டரி, வெப்பம், ஈரம், அழுத்தம் அளக்கும் உறுப்புகள், இருக்கும் இடத்தைச் சொல்லும் ஒரு சில்லு, தலையில் சின்ன பாராசூட். அதை விமானத்தின் வயிற்றிலிருக்கும் துளை வழியாகப் புயலுக்குள் விட வேண்டும். பத்தாயிரம் அடியிலிருந்து கடலுக்குப் போய்ச் சேர நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷமும் நொடிக்கு இரண்டு தடவை தான் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே விழும். தண்ணீரைத் தொட்டதும் என் திரையில் கோடு அறுந்துவிடும். அடுத்த குழலை எடுப்பேன். இப்படி ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறேன். எதுவும் திரும்பி வருவதில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை.

அன்று விமானத்தை ஓட்டியவர் மேஜர் ஹாலிஸ் டைன்ஸ். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்கிறவர். என் இருக்கைக்கு எதிரே வானிலை அதிகாரி, கேப்டன் ரெனாட்டா பிட்டாலோ. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், பதவியில் பெரியவள். அவளுடைய அப்பாவும் பெரியப்பாக்களும் பிலோக்ஸியில் இறால் படகு வைத்திருந்தவர்கள். குழல் அனுப்பும் எண்களை அவள்தான் சரிபார்த்து, தவறானவற்றைக் குறியிட்டு நீக்கி, மியாமிக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதை வைத்துத்தான் புயல் எந்தக் கரைக்குப் போகும் என்று கணக்குப் போடுவார்கள்.

பத்து மணிக்குச் சுவரைத் துளைத்தோம். சுவர் என்று நாங்கள் சொல்வது புயலின் நடுவிலிருக்கும் கண்ணைச் சுற்றி நிற்கும் மேகத்தை. உள்ளே இருட்டு, மழை தகரத்தில் சரளைக்கல் கொட்டுவது மாதிரி விழும், விமானம் குலுங்கும் குலுக்கலில் பல் ஒன்றோடொன்று மோதும். பிறகு சட்டென்று எல்லாம் நின்றுவிடும். வெயில். மேலே நீலம். நாலு பக்கமும் வெள்ளைச் சுவர் பத்து மைல் உயரத்துக்கு எழுந்து வட்டமாக நிற்கும். இருபத்தோரு வருஷம் ஆன பிறகும் அந்த அமைதி எனக்குப் பிடிப்பதில்லை. கோயிலுக்குள் யாருமில்லாத நேரத்தில் நுழைந்துவிட்டது போலிருக்கும். அன்று கண்ணின் அகலம் பதினெட்டு மைல். அடியில் மெல்லிய மேகம் விரிப்பு போட்டிருந்ததால் கடல் தெரியவில்லை.

கண்ணின் நடுவில் குழலை விட்டேன். மணி பத்து ஏழு. நாலு நிமிஷமும் சில நொடிகளும் கழித்து அது கடல்மட்டத்துக்கு வந்தது. அழுத்தம் 941 மில்லிபார், காற்று கிட்டத்தட்ட இல்லை, வெப்பம் இருபத்தேழு. கோடு அறுவதற்காகக் காத்திருந்தேன். அறுந்துபோகவில்லை.

திரை உறைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எண்கள் அசைந்துகொண்டிருந்தன. உயரம் நாலு மீட்டர், ஆறு, மூன்று, ஏழு என்று ஏறி இறங்கியது. இடமும் மாறியது, வடமேற்காக, ஒரு ஆள் வேகமாக நடக்கிற வேகத்தில். கேப்டனைக் கூப்பிட்டேன். அவள் பெல்ட்டைக் கழற்றி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். மென்பொருள் கோளாறு என்றாள். பிறகு எண்களை உற்றுப் பார்த்தாள். அலை ஏறி இறங்கும் தாளத்தை அவள் என்னைவிட நன்றாக அறிந்தவள்.

"வெர்லன், இது எதுமேலயோ விழுந்திருக்கு," என்றாள். "போற வேகத்தப் பாருங்க. மிதந்து போற வேகம் இல்ல இது. எஞ்சின் ஓடுது."

அவள் சொல்லி முடிக்கும்போது வெப்பம் ஏறத் தொடங்கியது. இருபத்தெட்டு. முப்பது. முப்பத்திரண்டு. கடலில் எந்த இடத்திலும் காற்று அப்படி ஏறாது. முப்பத்து நாலில் வந்து நின்றது. என் மகள் குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாயை அக்குளில் வைத்துக் காத்திருந்திருக்கிறேன். பாதரசம் ஏறி, தயங்கி, ஒரு இடத்தில் நிற்பது எனக்குத் தெரியும்.

"கை," என்றாள் ரெனாட்டா. "யாரோ கையில எடுத்துட்டாங்க."

இத்தனை வருஷமாகக் காலியான இடத்துக்குள் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று நம்பியிருந்தேன்.

மேஜரிடம் சொன்னோம். அவர் மறுபேச்சில்லாமல் விமானத்தைச் சாய்த்துக் கண்ணுக்குள்ளேயே வட்டமடிக்க ஆரம்பித்தார். கீழே இறங்கிப் பார்க்க விதி இடம் கொடுக்காது, இறங்கினாலும் கயிறு கட்டி யாரையும் தூக்க முடியாது. அந்தச் சுவரைத் தாண்டி எந்த ஹெலிகாப்டரும் வராது, எந்தக் கப்பலும் வராது. கடலோரக் காவலுக்குத் துணை விமானி செய்தி அனுப்பினார். அந்தப் பகுதியில் படகு எதுவும் காணவில்லை என்று யாரும் சொல்லவில்லையே என்று பதில் வந்தது. மேஜர் கப்பல்களுக்கான அவசர அலைவரிசையில் கூப்பிட்டார். மூன்று தடவை. இரைச்சல் மட்டும். படகின் வானொலிக் கம்பம் முறிந்திருக்கும், அவர்கள் பேசுவது நமக்கு எட்டாது, ஆனால் நேர் மேலே இருப்பதால் நாம் பேசுவது ஒருவேளை கேட்கலாம் என்றாள் ரெனாட்டா.

மேஜர் ஆங்கிலத்தில் ஒரு தடவை, உடைந்த ஸ்பானிஷில் ஒரு தடவை, நிதானமாகச் சொன்னார்.

"உங்க கையில ஒரு அட்டைக் குழல் இருக்கு. நாங்க போட்டது. நான் பேசுறது கேட்டா அதும்மேல வாயால ஊதுங்க."

நானும் ரெனாட்டாவும் என் திரையைப் பார்த்தோம். மேஜர் பார்க்க முடியாது, அவருக்கு நான்தான் சொல்ல வேண்டும். பத்து நொடி. இருபது நொடி. ஈரம் எண்பத்தொன்றிலிருந்து எழும்பி நூறைத் தொட்டது. வெப்பம் முப்பத்தைந்து. பிறகு இரண்டும் இறங்கின.

"ஊதிட்டாங்க, மேஜர்," என்றேன்.

எத்தனை பேர் இருக்கிறீர்கள், ஆளுக்கு ஒரு தடவை ஊதுங்கள், ஒவ்வொருவருக்கும் நடுவில் பத்து எண்ணுங்கள் என்றார் அவர். கோடு எழும்பியது, இறங்கியது. மறுபடி எழும்பியது. கை மாறி மாறிப் போவது தெரிந்தது, ஒருவர் மூச்சு நீளம், ஒருவர் மூச்சு வெட்டு வெட்டாக. ஆறு மேடுகள். அவ்வளவுதான் என்று நினைத்து ஆறு என்று சொல்லப் போனேன். அரை நிமிஷம் கழித்து ஏழாவது வந்தது. அது மற்றவை மாதிரி இல்லை. ஈரம் மட்டும் கொஞ்சம் ஏறியது. வெப்பம் ஏறவேயில்லை, இருபத்தெட்டுக்கு இறங்கி அங்கேயே நின்றது. குளிர்ந்த வாயிலிருந்து வந்த மூச்சு.

ஏழு என்று சொன்னேன். ரெனாட்டா என்னைப் பார்த்தாள்.

எரிபொருள் கணக்கு இருக்கிறது, போக வேண்டிய கோடு இருக்கிறது. புயலின் மற்ற பக்கங்களை அளந்துவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் திரும்பி வருகிறோம், அதுவரை வடமேற்கே இதே வேகத்தில் போய்க்கொண்டிருங்கள், கண்ணைவிட்டு வெளியே வராதீர்கள் என்று மேஜர் சொன்னார். அவர்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கீழே யாரோ ஒருவன், திசைகாட்டியையும் வெயிலையும் மட்டும் வைத்துக்கொண்டு, புயலோடு சேர்ந்து நடந்துகொண்டிருந்தான். உள்ளே காற்றில்லாவிட்டாலும் அலை எல்லாத் திசையிலிருந்தும் வந்து மோதும். அதில் படகை நிமிர்த்தி வைத்திருப்பதே பெரிது. நாங்கள் சுவருக்குள் நுழைந்தபோது கோடு மங்கி அறுந்தது.

அந்த ஒன்றரை மணி நேரம் நான் வேலை செய்தேன். ஐந்து குழல்கள் போட்டேன். ஒவ்வொன்றும் கடலைத் தொட்டு அறுந்தது, எப்போதும் போல. ஒவ்வொரு தடவையும் அறுவதற்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி மார்லா பிளாஸ்கில் கொடுத்துவிட்டிருந்த இறால் கம்போ குழம்பை யாரும் தொடவில்லை.

திரும்பி வந்தபோது கண் சுருங்கியிருந்தது. பதினெட்டு மைல் இருந்தது ஒன்பதாகியிருந்தது. பலமான புயல்கள் அப்படித்தான், உள்சுவர் நெருங்கி நெருங்கிக் கடைசியில் மூடிக்கொள்ளும், வெளியே புதிதாக ஒன்று எழும்பும். வானிலைக்காரர்களுக்கு அது பழக்கமான விஷயம். ரெனாட்டா அதைப் பற்றிப் பரீட்சை எழுதியிருக்கிறாள். அன்று ராடாரில் கண்ணின் அகலத்தை இரண்டு தடவை அளந்தாள். மாலைக்குள் மூடிவிடும் என்றாள்.

குழல் இன்னும் உயிரோடிருந்தது. பாட்டரி இறங்கிப்போய் எண்கள் விட்டு விட்டு வந்தன. படகு வடமேற்குச் சுவருக்கு இரண்டு மைல் தள்ளி நின்றது. அவர்கள் சொன்ன பேச்சை மீறவில்லை. அதே திசையில், அதே வேகத்தில் வந்திருக்கிறார்கள். சுவர்தான் அவர்களை நோக்கி வந்திருக்கிறது.

மேஜர் உள்பேச்சுக் கருவியில் ரெனாட்டாவிடம் என்ன சொல்லலாம் என்று கேட்டார். தென்கிழக்கே திரும்பச் சொல்லலாம், நடுவுக்கு வந்தால் மூன்று மணி நேரம், அதிர்ஷ்டம் இருந்தால் நாலு மணி நேரம் கிடைக்கும் என்றாள். அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை என்றாள்.

"மூடப் போகுதுன்னு சொல்லணுமா?" என்றார் மேஜர். "சொன்னா என்ன பண்ணுவாங்க? நாலு மணி நேரம் பயந்து சாவாங்க. அதுக்கு நம்பிக்கையோட இருந்துட்டுப் போகட்டுமே."

விமானத்தில் பதவியில் சின்னவன் நான். இந்த மாதிரி விஷயத்தில் என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

"மேஜர், ரெண்டு மணி நேரமா அவங்க மூச்சக்கூட நாம அளந்துட்டிருக்கோம்," என்றேன். "நமக்குத் தெரிஞ்சத மட்டும் அவங்களுக்குச் சொல்லாம வெச்சுக்கிட்டா எப்படி?"

விமானம் அரை வட்டம் திரும்பியது. பிறகு அவசர அலைவரிசையில் மேஜரின் குரல் வந்தது. எதையும் மறைக்காமல் சொன்னார். நடுவுக்கு வாருங்கள், தென்கிழக்கே இத்தனை பாகையில். இருட்டுவதற்குள் கண் மூடிக்கொள்ளும். அதற்குள் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டுங்கள், மிதவைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், ஒருவரோடு ஒருவரைக் கயிற்றால் பிணைத்துக்கொள்ளுங்கள். எங்களால் உங்களைத் தூக்க முடியாது. நீங்கள் இருக்கும் இடத்தை எல்லோருக்கும் சொல்லியிருக்கிறோம். கடைசியாக, கேட்டதா என்றார்.

வெப்பம் இருபத்தேழுக்கு இறங்கியது. குழலை எங்கோ வைத்துவிட்டார்கள். ஒரு நிமிஷம் அப்படியே கிடந்தது. இடம் மட்டும் மாறியது, படகு தென்கிழக்கே திரும்பிக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டது என்று ரெனாட்டா முணுமுணுத்தாள். அப்போது வெப்பம் மறுபடி ஏறியது. முப்பது, முப்பத்து நாலு, முப்பத்தாறு. முப்பத்தாறு புள்ளி நாலு. அங்கேயே நின்றது. ஈரம் நூறு, தொண்ணூற்று நாலு, நூறு, தொண்ணூற்றேழு, நூறு. மூச்சு விடுகிற தாளம் அது இல்லை. சிலது நீளம், சிலது குட்டை, நடுவில் தயக்கம், மறுபடி வேகமாக நாலைந்து. புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலில் ரெனாட்டாதான் கண்டுபிடித்தாள்.

யாரோ குழலை உதட்டோடு வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அது வானொலி என்று நினைத்திருக்க வேண்டும். அல்லது இல்லை என்று தெரிந்தும் பேசியிருக்கலாம். நாலு நிமிஷம். சூட்டையும் ஈரத்தையும் அழுத்தத்தையும் காற்றையும் சொல்லத் தெரிந்த அந்தக் குழலுக்குக் குரலை மட்டும் சொல்லத் தெரியாது. நான் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டேன், அதனால் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தே. ஒரு வார்த்தை எங்கே முடிந்து அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்றுகூடத் தெரிவது போலிருந்தது. கடைசியில் ஒரு நீண்ட மேடு. பிறகு நாங்கள் சுவருக்குள் போய்விட்டோம்.

மூன்றாவது தடவை வந்தபோது கண் நாலு மைல். கோடு இல்லை. பாட்டரி தீர்ந்ததா, அவர்கள் தீர்ந்தார்களா, திரை சொல்லாது. மேஜர் அலைவரிசையில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், சுவரைத் தாண்டி வெளியே வந்த பிறகும், கேட்கவே முடியாத தூரத்துக்கு வந்த பிறகும்.

வீடு திரும்பும் வழியில் ரெனாட்டா அந்தக் குழலின் எண்களைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவை மியாமிக்குப் போகக் கூடாது. கடல்மட்டத்தில் முப்பத்தாறு டிகிரி என்று கணினிக்குச் சொன்னால் அது புயலைத் தவறான கரைக்கு அனுப்பிவிடும். தரையில் லட்சக்கணக்கான பேர் எங்கள் எண்ணை நம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். பத்து மணி பதினொரு நிமிஷத்துக்குப் பிறகு வந்த எல்லா வரிகளையும் தேர்ந்தெடுத்து, தவறான அளவு என்று குறியிட்டாள். பொத்தானை அழுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரியாமல் நான் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். தெரிந்திருந்தாலும் தடுத்திருக்க மாட்டாள்.

ஐந்து வாரம் கழித்து, பல் மருத்துவர் வீட்டு வேலையெல்லாம் முடிந்து வேறொரு வீட்டில் இருந்தபோது, தளத்திலிருந்து கூப்பிட்டு ஒரு பெண் என்னோடு பேச விரும்புவதாகச் சொன்னார்கள். எங்கள் செய்தி கடலோரக் காவலிலிருந்து ஹோண்டுராஸ் போய், அங்கிருந்து குவானாஹா தீவு வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் பெயர் டெல்சி ஹேலாக். தம்பி ராய்ஸ், சிங்கி இறால் பிடிக்கிற படகு வைத்திருந்தான். படகுக்கு அவள் பெயரைத்தான் வைத்திருந்தான், லேடி டெல்சி. சீசனுக்கு முன்னாலேயே யாருக்கும் தெரியாமல் கிளம்பிப் போனதால் காணவில்லை என்று சொல்லவும் ஆளில்லை. பெயர் எழுதிய மரப்பலகை ஒன்று மட்டும் கோசுமெல் தீவுப் பக்கம் ஒதுங்கியிருந்தது.

நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் இடைமறிக்காமல் கேட்டாள். ஏழு பேர் ஊதினார்கள் என்று சொன்னபோதுதான் நிறுத்தினாள்.

"ஆறு பேர்தானே சார் போனாங்க."

நான் தப்பாக எண்ணியிருக்கலாம், யாராவது இரண்டு தடவை ஊதியிருக்கலாம் என்றேன். ஏழாவது மூச்சு குளிர்ந்திருந்ததைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு அதையும் சொன்னேன்.

"தண்ணியில யாராச்சும் கெடந்திருப்பாங்க," என்றாள். "வேற படகு ஆளா இருக்கும். உசிரு இருக்கோ இல்லையோ, ராய்ஸ் பாத்துட்டு விட்டுட்டு வர மாட்டான். படகுல தூக்கிப் போட்டிருப்பான்."

நாலு நிமிஷம் பேசியதைப் பற்றிச் சொன்னேன். என்ன பேசினான் என்று தெரியாதா என்று கேட்டாள். தெரியாது என்றேன். சூடு மட்டும்தான் தெரியும். எவ்வளவு சூடு என்று கேட்டாள். முப்பத்தாறு புள்ளி நாலு என்றேன். காய்ச்சல் இல்லை என்றாள் அவள், தனக்குத்தானே.

அதற்குப் பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அங்க வெயில் அடிச்சுதா சார்?"

"அடிச்சுது," என்றேன். "நல்ல வெயில். காத்தே இல்ல."

"அப்ப சட்டையக் கழட்டிக் காயப் போட்டிருப்பான்," என்றாள். "ஈரத் துணிய அஞ்சு நிமிஷம் ஒடம்புல வெச்சிருக்க மாட்டான். சின்னதுலேர்ந்தே அப்படித்தான்."

அவளும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அவள் பக்கத்தில் எங்கோ ஒரு மோட்டார் படகு கிளம்பும் சத்தம் கேட்டது. நான் அந்தப் படகைப் பார்த்ததில்லை. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே கடைசி வரை மேகம் இருந்தது. ஆனாலும் அவள் சொன்ன பிறகு என்னால் பார்க்க முடிந்தது. ஒன்பது மைல் அகலத்துக்கு வட்டமாக விழுந்த வெளிச்சம், சுற்றிலும் சத்தமில்லாமல் எழுந்து நிற்கிற வெள்ளை, நடுவில் தூக்கித் தூக்கி விழும் ஒரு படகு. அதன் கைப்பிடிக் கம்பியில் யாரோ பிழிந்து உதறிப் போட்ட ஒரு சட்டை, காற்றே இல்லாததால் பறக்காமல், இரண்டு கைகளும் நேராகத் தொங்க, நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.